பள்ளிச் சீருடை உதவி: எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள் (கடலூர், பாகூர் பக்கம்)

நாங்கள் ஒரு ஏழு பேர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டு பேர், ஒரு தையல்காரர், ஒரு ஜவுளிக்கடை அண்ணன், மற்றவர்கள் என்னைப் போல டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அளவெடுக்கிற ஆட்கள். பெயர்ப்பலகை கிடையாது. கடலூர் தாலுகாவிலும், புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரை ஒட்டிய கிராமங்களிலும் சில வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துக் கொடுத்து வருகிறோம். ஏப்ரல் பிறந்தால் போதும், ஒரே கேள்விகள் போனில் திரும்பத் திரும்ப வரும். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அரசாங்கமே இலவசமாகச் சீருடை தருகிறதே, அப்புறம் நீங்கள் எதற்கு?

நியாயமான கேள்வி, அதனால்தான் முதலில் வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் 1 முதல் 8 வரை படிக்கிற, சத்துணவில் பெயர் இருக்கிற பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு நான்கு செட் வருகிறது. தைத்தே வருகிறது, சமூக நலத்துறையின் கீழ் இருக்கிற மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள் தைக்கிறார்கள். எம்.ஜி.ஆர். காலத்தில், 1985இல் ஒரு செட்டாகத் தொடங்கியது, 2012-13இல் நான்காக ஆனது. நல்ல திட்டம். அதைக் குறை சொல்லி நாங்கள் ஒன்றும் கிளம்பவில்லை, அதனால் எத்தனை ஆயிரம் தையல்காரப் பெண்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது வேறு கதை.

ஆனால் அது 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 9க்குப் போகிற பிள்ளைக்குச் சொந்தச் செலவு. எந்த வயதில் நிற்கிறது என்று பாருங்கள், பையன் ஒரே வருஷத்தில் நான்கு விரல் உயருகிற வயது, பெண்ணுக்குச் சுடிதார், மேலே கோட் என்று துணி இரட்டிப்பாகிற வயது, பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டகைக்கோ கரும்பு வெட்டுக்கோ கூடப் போனால் நாலு காசு வரும் என்று வீட்டில் கண் வைக்கிற வயதும் அதுதான்.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. நிறைய கிராமங்களில் நடுநிலைப் பள்ளி 8ஆம் வகுப்போடு முடிந்துவிடும். பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். மே மாதம் அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் கணக்கிலும் இல்லை. பழைய தலைமை ஆசிரியர் அனுப்பிவிட்டார், புதிய தலைமை ஆசிரியருக்கு அது யாரென்றே தெரியாது. ஜூன் மாதம் "சட்டை தைத்ததும் போறேன்" என்று சொல்கிற பிள்ளை ஜூலையிலும் அதையேதான் சொல்லும். அதற்கு அப்புறம் யாரும் கேட்பதில்லை. எங்கள் வேலையில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான்.

அப்படியென்றால் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்வதே இல்லையா?

செய்கிறோம், கொஞ்சம். வருஷ நடுவில் வந்து சேர்ந்த பிள்ளை, செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை, வந்த சீருடை தோளில் நிற்காத ஒல்லிப் பிள்ளை. கடைசி ஆளுக்குப் புதுத் துணியே வேண்டாம், பிரித்துப் பிடித்துத் தைத்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டால் முப்பது சட்டை சரிசெய்து விடலாம்.

நான் புதுச்சேரி. இங்கே வேறு மாதிரி ஆயிற்றே?

ஆமாம், அது தனி அரசு, தனித் திட்டம், தனி நிறம். 2023-24லிருந்து அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கும் மாறிவிட்டன. வரைபடத்தில் புதுச்சேரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாகூரும் நெட்டப்பாக்கமும் தமிழ்நாட்டுக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு வாய்க்காலைத் தாண்டினால் வேறு அரசு, இன்னொரு வாய்க்காலைத் தாண்டினால் பழைய அரசு. வீடு கடலூர் மாவட்டத்தில், பள்ளி பாகூர் கொம்யூனில் (புதுச்சேரியில் ஊராட்சி ஒன்றியம் மாதிரி) என்று எத்தனையோ பிள்ளைகள். அதனால் நாங்கள் "எந்த ஊர்?" என்று கேட்பதில்லை, "எந்தப் பள்ளி, எத்தனையாவது?" என்றுதான் கேட்போம். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் ஒரு தடவை ஒரே தெருவில் இருந்த அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் தைத்துக் கொண்டுபோய்விட்டோம். அக்கா அந்தப் பள்ளி, தங்கை இந்தப் பள்ளி. தங்கை அழவில்லை, எங்களைப் பார்த்துச் சிரித்தாள், அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

ஒரு செட் கொடுத்தால் போதாதா? அந்தக் காசில் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கலாமே.

கணக்குச் சரிதான், மழைக்காலத்தில் இடிக்கும். ஒரே செட் இருக்கிற பிள்ளை சாயங்காலம் வந்ததும் கழற்றித் துவைக்கும், காலையில் போட்டுக்கொண்டு போகும். சித்திரை வெயிலில் இது நடக்கும், ஐப்பசி கார்த்திகையில் நடக்காது. நம் பக்கம் வருஷத்து மழையில் பெரும்பங்கு அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. ஒற்றை அறை வீட்டில் கொடி கட்ட இடம் இருக்காது, அடுப்புக்கு மேலே காயப்போட்டால் புகை வாடை ஏறிவிடும். ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனால் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பொத்துவாள். ஒரு தடவை மூக்கைப் பொத்தினால் போதும், அடுத்த மழை நாளில் அந்தப் பெண் பள்ளிக்கு வராது. "காய்ச்சல்" என்று சொல்லும். ஒரு டீச்சர் வருகைப் பதிவேட்டைக் காட்டித்தான் எங்களுக்கு இது புரிந்தது, ஒரே பிள்ளைக்கு மழை பெய்த நாளெல்லாம் காய்ச்சல்.

அதனால் இரண்டு செட். அதற்குக் குறைந்து கொடுப்பதில்லை. காசு பத்தவில்லை என்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறோம், மனசு கேட்காது, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

துணியாக எடுத்துக் கொடுத்துவிடுகிறேன், தைத்துக்கொள்ளட்டும்.

தயவுசெய்து வேண்டாம். தையல்கூலி துணி விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், சுடிதார் கோட் என்றால் தாண்டியும் போகும். முதல் வருஷம் நாங்களும் அப்படித்தான் துணியைக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த வருஷம் ஒரு வீட்டில் ஆயா டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டியது. யார் யாரோ கொடுத்த பிட்டுத் துணி, மூன்று நிறத்தில், மடிப்புக் கலையாமல், அந்துருண்டை போட்டு. "கூலிக்குக் காசு சேரட்டும்னு வெச்சிருக்கேம்பா" என்றது. பேரன் அப்போது பழைய சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியாமல் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தான்.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு துணி, எவ்வளவு செலவு?

9ஆம் வகுப்புப் பையனுக்கு 58 அங்குல அகலத் துணியில் பேன்ட்டுக்கு 1.20 மீட்டர், அரைக்கைச் சட்டைக்கு 36 அங்குல அகலத்தில் 2 மீட்டர் எடுத்தால் கையைக் கடிக்காது. பெண்ணுக்கு டாப் இரண்டரை மீட்டர், பேன்ட் இரண்டு, கோட்டுக்கு ஒரு மீட்டருக்குள் முடியும். உயரமான பிள்ளைக்குக் கால் மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தமாக வெட்டும்போது சின்ன அளவும் பெரிய அளவும் கலந்து போட்டால் மிச்சமாகும், இதெல்லாம் எங்கள் தையல்காரர் கண்ணாலேயே போடுகிற கணக்கு.

விலையை இங்கே எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். மத்திய அரசின் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் 8ஆம் வகுப்பு வரை இரண்டு செட் சீருடைக்குப் பிள்ளை ஒன்றுக்கு 600 ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். லட்சக்கணக்கில் நெய்து தைத்தால் கட்டுமோ என்னமோ. அந்த 600ஐ எடுத்துக்கொண்டு நீங்கள் கடலூர் லாரன்ஸ் ரோட்டில் துணி எடுத்து, தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து, 15 வயதுப் பையனுக்கு ஒரு செட் முடித்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

வளருகிற பிள்ளைக்கு எப்படி அளவெடுப்பது?

நெஞ்சளவில் நான்கு அங்குலம் தளர்வு, நீளத்தில் ஒன்றரை அங்குலம் கூட. பேன்ட் கீழ்மடிப்பில் இரண்டரை அங்குலம் உள்ளே விட்டு ஹெம்மிங் பண்ணச் சொல்லுங்கள், இடுப்புப்பட்டியின் பின்தையலிலும் ஒரு அங்குலம் விடச் சொல்லுங்கள். பத்தாவது வரும்போது பிரித்து விட்டுக்கொள்ளலாம். தையல்காரர்கள் துணி மிச்சம் பிடிக்க இதைத்தான் முதலில் வெட்டுவார்கள், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அப்புறம், ரொம்பத் தளர்வாகத் தைத்து "சாக்கு மூட்டை" என்று பேர் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பதினாலு வயதில் அதுவும் வலிதான்.

துணி எங்கே எடுக்கிறீர்கள்?

ஈரோட்டில் எடுத்தால் மலிவு, திங்கள் ராத்திரி போய்ச் செவ்வாய்ச் சந்தையில் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் இருநூறு செட்டுக்குக் கீழே என்றால் வண்டிச் செலவு லாபத்தைத் தின்றுவிடும். அதனால் பெரும்பாலும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலேயே முடித்துக்கொள்கிறோம், கடைக்கார அண்ணன் கொள்முதல் விலைக்கே தருகிறார். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி என்று மூன்று ஆலை ஓடிய புதுச்சேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு துணிக்கு ஈரோட்டைப் பார்க்கிறோமே என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு வருஷமும் புலம்புவார். அவர் அப்பா ஆலைத் தொழிலாளி.

பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த டெரிகாட்டன்தான் எடுங்கள். சுத்தப் பருத்தி உடம்புக்கு நல்லது என்று ஒரு அம்மா சண்டையே போட்டார், அவர் சொல்வது சரிதான், ஆனால் பருத்தி சுருங்கும், இஸ்திரி கேட்கும், காய நேரமாகும். இஸ்திரிப் பெட்டி இல்லாத வீட்டுக்கு இஸ்திரி கேட்கிற துணியைக் கொடுத்து என்ன பண்ணுவது?

என் பிள்ளையின் பழைய சீருடைகள் இருக்கின்றன, அனுப்பலாமா?

அதே பள்ளி, அதே நிறம், கழுத்துப்பட்டி நையவில்லை, அக்குளில் கறை இல்லை, ஜிப் ஓடுகிறது என்றால் தாராளமாக. துவைத்து இஸ்திரி போட்டுத் தாருங்கள். இதற்கு நாங்கள் ஏன் இவ்வளவு கறார் என்றால், 2004 சுனாமிக்கு அப்புறம் கடற்கரை ஊர்களில் லாரி லாரியாக வந்து இறங்கிய பழைய துணி என்ன ஆனது என்று எங்களில் மூன்று பேர் கண்ணால் பார்த்தவர்கள். கிழிந்த உள்பாவாடை, பொத்தான் இல்லாத கோட்டு, எல்லாம் ரோட்டோரம் மலையாகக் குவிந்து மழையில் மக்கியது. மீனவ ஜனங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதுவரை சொந்தப் படகு வைத்துச் சம்பாதித்தவர்கள், ஏன் பார்ப்பார்கள்? வீட்டைக் காலி செய்வது வேறு, கொடுப்பது வேறு.

வெள்ளம், புயல் சமயத்தில் என்ன செய்வீர்கள்?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகி வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஆற்றுச் சேறு ஏறிய வெள்ளைத் துணி எத்தனை சோப்புப் போட்டாலும் பழுப்புதான். அந்தச் சமயத்தில் உடனே சீருடைக்கு ஓட வேண்டாம் என்பது எங்கள் அனுபவம். பிள்ளைகள் கலர் துணியில் வரட்டும் என்று ஆசிரியர்கள் விட்டுவிடுவார்கள். முதலில் பாய், போர்வை, சோறு. இரண்டு மூன்று வாரம் கழித்து, நிவாரண வண்டியெல்லாம் போன பிறகு, பொங்கலுக்கு முன்னால் சீருடை போய்ச் சேர்ந்தால் சரியாக இருக்கும்.

யாருக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் கேட்பீர்களா?

ஒரு காகிதமும் கேட்பதில்லை. கிள்ளை, பிச்சாவரம் பக்கம் இருளர் குடும்பங்கள் சாதிச் சான்றிதழுக்காக எத்தனை வருஷம் அலைகிறார்கள் என்று தெரிந்தவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள். தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற அம்மாக்களிடமும் கேட்போம். சட்டப்படியே அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஊரில் யார் வீட்டு ஆண் குடிக்கிறார், யார் வீட்டில் அம்மா திருப்பூர் போய்விட்டாள், பிள்ளைகள் ஆயா கையில் வளருகின்றன, எல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

பெயர் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை. பத்துப் பேரை மட்டும் வகுப்பிலிருந்து எழுப்பி அளவெடுத்தால் மீதி முப்பது பேருக்கும் அந்தப் பத்துப் பேர் யாரென்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அந்தப் பத்தும் ஒரே தெருவாக இருக்கும், அது எந்தத் தெரு என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் வகுப்பு முழுக்க அளவெடுப்போம். உயரம், எடை பார்க்கிற நாளோடு சேர்த்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. தைத்ததை அம்மா கையில், வீட்டில், துணிக்கடைப் பையில் கொடுத்துவிடுவோம். "அம்மா எடுத்துக் குடுத்தாங்க" என்று பிள்ளை சொல்லிக்கொள்ளட்டும். சின்ன வகுப்பு, இருபது பேருக்குள் என்றால் எல்லோருக்குமே கொடுத்துவிடுவது.

கொடுக்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்புவீர்களா? என் அப்பா நினைவு நாள், நானே என் கையால் கொடுக்க ஆசை.

படம் கிடையாது. மேடை, சால்வை, பேனர், பையில் பேர் அச்சடிப்பது எதுவும் கிடையாது. இதைச் சொன்னதும் நிறைய பேர் போனை வைத்துவிடுகிறார்கள், பரவாயில்லை. சீருடை போடச் சொன்னதே யார் வீட்டுப் பிள்ளை என்று துணியைப் பார்த்துத் தெரியக்கூடாது என்பதற்காக. அதைக் கொடுக்கிற நாளிலேயே வரிசையில் நிறுத்திக் காட்டிக்கொடுத்தால் அப்புறம் எதற்கு அந்தத் துணி?

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர்க்காரர்களே பள்ளிக்கு வேண்டியதைத் திரட்டித் தந்தார்கள். அவர்கள் கொடுத்தது பள்ளிக்கு. இன்ன பிள்ளைக்கு இன்னார் கொடுத்தது என்று அதில் இல்லை.

நினைவு நாள் ஆசையைத் தப்பு என்று சொல்லமாட்டேன். வாருங்கள், அளவெடுக்க டேப் பிடியுங்கள், காஜா (பொத்தான் துளை) எடுத்த சட்டைக்குப் பொத்தான் தையுங்கள். போன வருஷம் ஒருவர் அப்படி வந்து நாற்பது சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டுப் போனார், விரலெல்லாம் ஊசிக்குத்து.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஏதாவது?

சிம்மீஸ், ஜட்டி. யாரும் இதைக் கொடுப்பதில்லை, கேட்கவும் பிள்ளைகளுக்கு வாய் வராது. வெளிர் நிறப் பேன்ட் உள்ள பள்ளி என்றால் டாப்பை முழங்காலுக்குக் கீழே இறக்கித் தைக்கச் சொல்கிறோம், மாதவிலக்கு நாட்களில் கறை பயத்திலேயே லீவு போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்புறம் பாக்கெட்! "அக்கா, டாப்ல ஒரு பாக்கெட் வெச்சுக் குடுங்கக்கா" என்று எங்கள் ஆசிரியையிடம் ஒரு பெண் கேட்டதிலிருந்து எல்லா டாப்பிலும் பக்கவாட்டில் ஒன்று வைக்கிறோம். பஸ் காசும் நாப்கினும் வைக்க ஒரு இடம். ஒரு ஜாண் துணி, ஐந்து நிமிஷ வேலை, பையன்களுக்குப் பிறந்த அன்றைக்கே கிடைத்துவிடுகிறது.

ஷூ, டை, பெல்ட்?

இல்லை.

தனியார் பள்ளியில் படிக்கிற ஏழைப் பிள்ளைக்கு?

இல்லை. கஷ்டம் தெரியும். ஆனால் அங்கே பள்ளி சொல்கிற கடையில், பள்ளி சொல்கிற விலையில்தான் வாங்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஆகிற செலவில் இங்கே மூன்று பிள்ளைகளை முடித்துவிடலாம்.

பணம் அனுப்பினால் 80ஜி ரசீது கிடைக்குமா?

எங்களிடம் கிடையாது, நாங்கள் பதிவு செய்த அறக்கட்டளை இல்லை. வரிவிலக்கு வேண்டுமென்றால் பதிவு உள்ள அமைப்புக்குக் கொடுங்கள், அங்கேயும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை, துணியாகக் கொடுத்தாலும் இல்லை. அரசுப் பள்ளிக்கு நேரடியாகச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல், நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது. எங்களுக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் கடைக்கும் தையல்காரருக்கும் நேராகக் கட்டிவிடுகிறார்கள், பில்லின் நகல் அவர்களுக்குப் போய்விடும்.

புதுச்சேரி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் நிறைய பேர். நீங்கள் இங்கேயே ரூபாயில் தந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்கத் தனிப் பதிவு வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், பொத்தான் தைக்க வாருங்கள்.

எப்போது தொடங்க வேண்டும்?

ஏப்ரல் கடைசிக்குள் அளவு, மே முதல் வாரத்தில் துணி தையல்காரர் கையில். வைகாசி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் ஜாக்கெட்டுக்கே அவர்களுக்கு நேரம் போதாது, நம் இலவச வேலை மூலைக்குப் போய்விடும்.

உங்களுக்குத் தப்பே நடந்ததில்லையா?

ஏன் நடக்காமல்? ஒரு வருஷம் ஒரு கடையில் அடக்க விலை என்று மெரூன் துணி எடுத்தோம். முதல் துவையலிலேயே சாயம் போய் வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஸ். கடையில் போய்க் கேட்டால் "தனியாத் துவைக்கச் சொல்லுங்க சார்" என்கிறார்கள். இரண்டு பக்கெட் தண்ணீருக்கு லாரி வருகிற வரைக்கும் காத்திருக்கிற தெருவில் தனியாக எங்கே துவைப்பது? இப்போதெல்லாம் கால் மீட்டர் முன்னாடியே வாங்கி, வெள்ளைத் துணி ஒன்றோடு சேர்த்துச் சோப்புச் சுடுதண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மொத்தமாக எடுக்கிறோம்.

மிச்சமாகிற துண்டுத் துணியை என்ன செய்கிறீர்கள்?

பெரிய துண்டு பாக்கெட்டுக்கும் கழுத்துப்பட்டியின் உள்பக்கத்துக்கும் போய்விடும். ஒரு கையகலத் துண்டு, இரண்டு பொத்தான், அதே நிற நூல் கொஞ்சம், மூன்றையும் சின்னப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துத்தான் கொடுப்போம். முட்டி கிழிந்தால் ஒட்டுப்போட வேண்டுமே, அந்த நிறத் துணிக்கு அந்த அம்மா எங்கே போவாள்?